நல்லா பார்த்து எழுதுவான், ஆனா ஒரு வரி படிக்கத் தெரியாது: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சிட்டே இருந்தேன். இல்லம் தேடிக் கல்வில (அரசுப் பள்ளி பசங்களுக்கு சாயங்காலம் வீட்டுப் பக்கத்துலயே சொல்லித்தர்ற அரசுத் திட்டம்) தன்னார்வலரா இருந்தப்ப நடந்தது. வியாசர்பாடில ஹவுசிங் போர்டு பிளாக், கீழ் வீட்டு வாசல்ல பாய் விரிச்சு சாயங்காலம் 5 மணில இருந்து 7 மணி வரைக்கும் கிளாஸ். மாசம் 1000 ரூபா குடுத்தாங்க, பாதி பிஸ்கட்டுக்கும் பென்சிலுக்குமே போயிடும், அத விடுங்க.

நாலாவது படிக்கிற பையன் ஒருத்தன். நோட்ட தொறந்தா கையெழுத்து முத்து முத்தா இருக்கும், போர்டுல இருக்கிறத ஒரு புள்ளி விடாம எழுதியிருப்பான், எல்லா பக்கத்துலயும் சிவப்பு மையில டிக் இருக்கு. அதனால நானும் முதல் ஒரு மாசம் இவன் நல்லா படிக்கிற பையன், வாலுத்தனம் மட்டும்தான் ஜாஸ்தின்னு நெனச்சிட்டேன். வாலுன்னா சாதாரண வாலு இல்ல, தெனமும் அடிதடி, பக்கத்துல இருக்கிறவன் பென்சில புடுங்குறது, "போடா டேய்"னு எழுந்து போயிடுறது. அவங்கம்மா வீட்டு வேலைக்குப் போறவங்க, வந்தா "நாலு சாத்து சாத்துக்கா"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க.

ஒரு நாள்தான் கவனிச்சேன். வட்டமா உக்காந்து ஆளுக்கு ரெண்டு வரி படிச்சிட்டு வர்றாங்க. இவனுக்கு முன்னாடி ரெண்டு பேர் பாக்கி இருக்கும்போது கரெக்டா சண்டை ஆரம்பிக்குது. அடுத்த நாளும் அதே. மூணாவது நாள் வேணும்னே எதிர்ப்பக்கத்துல இருந்து ஆரம்பிச்சேன், அன்னைக்கு சண்டை சீக்கிரமே வந்துடுச்சு! அப்பதான் எனக்கு புரிஞ்சுது.

எல்லாரும் போனப்புறம் தனியா உக்கார வச்சு படிடான்னேன், கடகடன்னு ஒப்பிக்கிறான். படத்த கையால மூடிட்டு நடுவுல ஒரு வார்த்தைய காட்டினேன். அவ்ளோதான், அப்படியே நின்னுட்டான், காது மட்டும் செவந்து போச்சு. பாவம், மூணு வருஷமா அடுத்தவங்க படிக்கிறத கேட்டு மனப்பாடம் பண்ணியே ஓட்டியிருக்கான்.

அ, ஆ, க, ங எல்லாம் தெரியுது. கொம்பு வந்தாதான் காலி. நமக்கு பழகிப்போச்சு, கொழந்தைக்கு யோசிச்சுப் பாருங்க, கொம்பு எழுத்துக்கு முன்னாடி நிக்குது, ஆனா சத்தம் பின்னாடி வருது. கொ, கோன்னா முன்னாடி கொம்பு பின்னாடி துணைக்கால், ரெண்டையும் சேத்து ஒரே சத்தம். 247 எழுத்தையும் சார்ட்ல பாட்டு மாதிரி சொல்லிடுவான், தனியா எடுத்து காட்டினா தெரியாது.

புக்க மூடி வச்சிட்டேன். அவன் ஆயா வீடு ஊரூர் குப்பத்துல, 29சி பஸ்ல போவான், போர்ட பார்த்ததும் கண்டுபுடிச்சிடுவேன்னு பெருமையா சொல்லுவான். அந்த பஸ் போர்டுல வர்ற பெரம்பூர், பெசன்ட் நகர்ங்கிற பேர சாக்பீஸ்ல தரையில எழுதினேன், ரெண்டுலயும் முதல் எழுத்து ஒண்ணுதான்னு அவனே சொன்னான். கீழ பேசின் பிரிட்ஜ்னு எழுதினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு "அக்கா இதுல கொம்பு ரெண்டு சுழி சுழிச்சுக்கினு கீது, அதான் இழுத்து சொல்றோமா?"ன்னான். எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, உண்மையா.

ஆனா நாலாவது படிக்கிறவன் கைல ஒண்ணாவது புக்க குடுத்தா மத்த பசங்க விடுவாங்களா? அதனால ஒண்ணாவது படிக்கிற ஒரு பாப்பாவுக்கு கதை படிச்சுக் காட்டுற பொறுப்பு உன்னுதுன்னு சொல்லிட்டேன். அந்தக் கதைய முந்தின நாளே எங்கிட்ட ரெண்டு தடவ படிச்சுக்குவான், யாருக்கும் தெரியாது. சண்டை சுத்தமா நின்னுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன், கேரம் போர்டுல இன்னும் அழுகுணி ஆட்டம்தான். ஆனா படிக்கிற நேரத்துல நின்னுடுச்சு.

உங்களுக்கும் இப்படி பசங்க மாட்டியிருப்பாங்க, எழுதுங்க.

புளியந்தோப்பு டீச்சர்:

இது எங்க கிளாஸ்ல தெனமும் நடக்கிறதுப்பா. 2022ல அரசுப் பள்ளில எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தப்ப, பசங்கள அவங்க கத்துக்கிட்ட நிலைய வச்சு அரும்பு (ஆரம்ப நிலை), மொட்டு, மலர்னு பிரிச்சு சொல்லித்தர ஆரம்பிச்சோம், நெஜமாவே நல்ல முறை, அவங்கவங்க நிலைக்கு ஏத்த மாதிரி குடுக்கலாம். ஆனா பசங்க பலே ஆளுங்க, ரெண்டே வாரத்துல "நீ அரும்புடா"ன்னா மக்குன்னு அர்த்தமாயிடுச்சு. கணக்குல மலரா இருக்கிற பொண்ணு தமிழ்ல அரும்பா இருக்கும், அத வச்சே சமாளிச்சேன், ஒவ்வொரு பாடத்துக்கும் எழுப்பி இடம் மாத்தி உக்கார வச்சுட்டே இருப்பேன், யார் எதுன்னு அவங்களுக்கே கொழம்பிடும்.

இன்னொண்ணு, முதல் பீரியட்ல டெஸ்க்ல தலைய சாச்சிட்டு வயிறு வலின்னு சொல்ற பசங்கள சோம்பேறின்னு நானே திட்டியிருக்கேன். ஸ்கூல்லயே காலை உணவு குடுக்கிற திட்டம் வந்தப்புறம் என் கிளாஸ்ல அந்த வயிறு வலி பாதிக்கு மேல போயிடுச்சு. அந்தப் பசங்கள திட்டினது இப்பவும் உறுத்துது.

வேளச்சேரி அம்மா:

நான் டீச்சர் இல்ல, அம்மா. என் பையன் மூணாவது, தனியார் ஸ்கூல். பேச விட்டா ராக்கெட் பத்தி அரை மணி நேரம் பேசுவான், அதையே எழுதச் சொன்னா மூணு வரி, அதுலயும் எழுத்து எடம் மாறியிருக்கும். ஸ்கூல்ல கூப்பிட்டு "கான்சன்ட்ரேஷன் இல்ல, வேற எடம் பாருங்க"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க. முதல்ல கண்ணு, காது டெஸ்ட் பண்ணோம், ரெண்டும் நார்மல். அப்புறம் அசெஸ்மென்ட் எடுத்ததுல டிஸ்லெக்சியான்னு தெரிஞ்சுது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல கற்றல் குறைபாடும் இருக்கு, அத சொன்னப்புறம் ஸ்கூல்ல பேசுற தொனியே மாறிடுச்சு.

பாடத்த விட எனக்கு வலிச்சது வேற. அபார்ட்மென்ட்ல பசங்க இவன சேத்துக்க மாட்டாங்க. நேரா போய் "நானும் வரட்டா?"ன்னு கேப்பான், வேணாம்பாங்க, அழுதுட்டே மேல வருவான். ஸ்பெஷல் எஜுகேட்டர் மேடம்தான் சொன்னாங்க, கேக்கச் சொல்லாதீங்க, முதல்ல நின்னு என்ன ஆட்டம், யார் எந்த டீம்னு பார்க்கச் சொல்லுங்க, அப்புறம் பால் வெளிய வந்தா எடுத்துப் போடச் சொல்லுங்கன்னு. வீட்ல நானும் அவங்கப்பாவும் ஹால்ல பிளாஸ்டிக் பால வச்சு ரிகர்சல் பார்த்தோம், சிரிக்காதீங்க. நாலு நாள் பால் பொறுக்கிட்டே இருந்தான். அஞ்சாவது நாள் ஒருத்தன் டியூஷனுக்கு போயிட்டான், "டேய், கீப்பர் நிக்கிறியா?"ன்னு அவங்களே கேட்டாங்க.

பதிவு போட்ட நான்:

கீப்பர் மேட்டர் படிச்சிட்டு பஸ்ல தனியா சிரிச்சிட்டு வந்தேன் வேளச்சேரி அம்மா.

நம்ம பையன் இப்போ ஆறாவது. போன வாரம் மார்க்கெட்ல பார்த்தேன், ஒரு கடை போர்ட காட்டி "அக்கா, 'கொழி கறி'ன்னு போட்டுக்கிறாங்க பாரு, ரெட்டக் கொம்பு போடணும்ல?"ன்னு சத்தமா கேக்குறான். கடைக்காரர் மொறைக்கிறாரு, நான் நைசா இழுத்துட்டு வந்துட்டேன்.

யார்கிட்டயாவது ஒண்ணாவது, ரெண்டாவது பசங்க படிக்கிற மாதிரி பெரிய எழுத்து தமிழ் கதை புக்கு சும்மா கெடந்தா சொல்லுங்க, நானே வந்து வாங்கிக்கிறேன்.