அப்பாவின் நினைவு நாள் பேனரில் என் படம்

இடதுகை:

ரவுடி குடும்பத்துப் பையன் கிளவுஸ் மாட்டினால் உண்மையிலேயே திருந்திவிடுவானா என்று என்னிடம் நிறைய பேர் கேட்டிருக்கிறார்கள். குத்துச்சண்டைப் படம் ஏதாவது வந்தால் போதும், இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். 'திருந்துவது' என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. அந்த வீட்டில் பிறந்தேன், அவ்வளவுதான்.

அப்பா காசிமேடு பக்கம் பெயர் போனவர். மாமூல், கட்டப்பஞ்சாயத்து, இரண்டு கொலை வழக்கு. 2005-இல் அவரை வெட்டிவிட்டார்கள். அப்போது எனக்கு 11 வயது. சாவு வீட்டில் சித்தப்பா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே என் இடது கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். அப்பாவும் இடதுகைக்காரர். "எங்கண்ணன் கை இங்கதான் இருக்கு" என்றார். பெரியவர்கள் தலையாட்டினார்கள். அம்மா மட்டும் என் கையைப் பிடுங்கித் தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

2007-இல் குத்துச்சண்டை வாத்தியாரிடம் போய்ச் சேர்ந்தேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை, பழைய துணி அடைத்த ஒரே ஒரு பஞ்சிங் பேக், பிள்ளைகள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ள நாலு ஜோடி கிளவுஸ். "நீ லெஃப்ட்டா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, என் வலது காலை முன்னால் இழுத்து வைத்தார். சவுத்பா நிலை. அப்பா யார் என்று கேட்கவில்லை. அந்தத் தெருவில் அது தெரியாதவர் யாரும் கிடையாது.

ஒழுக்கம், கட்டுப்பாடு என்றெல்லாம் குத்துச்சண்டையைப் பற்றிப் பெரிதாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விடப் பெரியது நேரம்தான். பயிற்சி மாலை 5 முதல் 8 வரை. சித்தப்பாவின் ஆட்கள் தெருமுனையில் கூடுவது ஆறு மணிக்கு மேல். "டேய், இந்தப் பையை அந்த வீட்ல குடுத்துட்டு வா" என்று சின்னப் பையன்களை அவர்கள் கூப்பிடுவது அந்த நேரத்தில்தான். நான் அங்கே இருக்க மாட்டேன். எட்டரைக்கு வீட்டுக்கு வந்தால் கையைத் தூக்கிச் சாப்பிடக்கூடத் தெம்பு இருக்காது. என்னோடு படித்த மூன்று பேர் அந்தப் பையைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவன் இப்போது உயிரோடு இல்லை.

2011-இல் பழைய பகையில் சித்தப்பாவுக்கு வெட்டு விழுந்தது. பிழைத்துக்கொண்டார். அன்று மாலை கொட்டகைக்கு வெளியே பைக்கில் இரண்டு பேர் எனக்காகக் காத்திருந்தார்கள். எனக்கும் உள்ளே கொதித்துக்கொண்டுதான் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. வாத்தியார் வெளியே எட்டிப் பார்த்தார். அப்புறம் கிளவுஸுக்குள் கையில் சுற்றும் துணியை எடுத்து என் மடியில் போட்டு, "கையைக் கட்டு" என்றார்.

அந்தத் துணி நாலரை மீட்டர் இருக்கும். கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, புறங்கையில் குறுக்கே, முட்டிகளின் மேல், விரல் இடுக்குகளில் நுழைத்து, மறுபடி மணிக்கட்டுக்கு. கட்டி முடித்துக் காட்டினேன். "லூசா இருக்கு, அவுரு." மறுபடி கட்டினேன். "டைட்டா இருக்கு, ரத்தம் ஓடாது, அவுரு." வெளியே ஹாரன் அடித்தார்கள். ஏழு முறை அவிழ்த்துக் கட்டினேன். கடைசியில் என் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. அழுகையும் வந்துவிட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து தானே பொறுமையாகக் கட்டிவிட்டார். ஒன்பது மணிக்குமேல் பைக் சத்தம் போய்விட்டது. வீட்டு வாசல் வரை கூட வந்து அம்மாவிடம் என்னை ஒப்படைத்துவிட்டுத்தான் போனார். அந்த ராத்திரி பைக்கில் ஏறிப் போனவர்கள் இன்னும் வழக்குக்கு அலைந்துகொண்டிருக்கிறார்கள்.

அடுத்த வருடம் மாநில அளவில் வெள்ளி வாங்கினேன். அப்பாவின் நினைவு நாளுக்குத் தெருமுனையில் பெரிய பேனர் வைத்தார்கள். அப்பா படத்துக்குக் கீழே கிளவுஸோடு நான், 'வாரிசே' என்ற எழுத்தோடு. எங்கள் பக்கம் நினைவு நாள் என்றால் மாலை போட்டுவிட்டுப் போவதோடு முடியாது. பழிக்குப் பழி அன்றைக்குத்தான் தீர்க்க வேண்டும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. போலீஸும் அன்று கூடுதலாக நிற்கும். அந்த நாளில் என் முகத்தைப் பேனரில் போட்டால், எதிர்க் கோஷ்டிக்கு அடுத்த ஆளைக் கைகாட்டிவிட்டதாகத்தான் அர்த்தம்.

விடியற்காலை மீன் ஏலத்துக்குக் கிளம்பிய அம்மா அதைப் பார்த்தார். கூடையிலிருந்து மீன் கத்தியை எடுத்துக்கொண்டு அங்கே நின்ற தள்ளுவண்டியில் ஏறினார். அப்பா படத்தைத் தொடவில்லை. என் படத்தை மட்டும் சதுரமாக அறுத்து எடுத்தார். "செத்தது என் புருசன். அதுக்கு நான் அழுதுக்கிறேன். என் புள்ளை மூஞ்சிய எதுக்குடா போட்டீங்க?" ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அந்த ஃபிளெக்ஸ் துண்டைத் திருப்பிப் போட்டு, ஐஸ் தண்ணீர் ஒழுகாமல் இருக்க மீன் பலகைக்கு அடியில் ரொம்ப நாள் வைத்திருந்தார்.

ராயபுரத்தான்:

தம்பி, படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 1980-இல் முகமது அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். எனக்கு அப்போது 14 வயது. அண்ணன்தான் கூட்டிப் போனான். அவனும் பரம்பரைச் சண்டைகளில், அதாவது வடசென்னைக் குத்துச்சண்டைக் குழுக்கள் மோதும் போட்டிகளில், மேடை ஏறியவன். அலி ஆடிய கால் ஆட்டத்தை வீட்டு மொட்டை மாடியில் ஒரு வருடம் ஆடிப் பார்த்தான்.

குத்துச்சண்டைக்காரனுக்கு முட்டை, பால், கறி வேண்டும். எங்கப்பா மூட்டை தூக்குகிறவர், அவரால் எங்கே முடியும்? சாராய வியாபாரி ஒருவர் வாங்கிக் கொடுத்தார். ஜெயித்த அன்று மாலையும் போட்டார். ஆறே மாதத்தில் அண்ணன் அவர் கடை வாசலில் நிற்க ஆரம்பித்தான். அதற்குப் பிறகு அவன் மேடையில் அடித்தது குறைவு. உங்கள் வாத்தியார் யாரிடமும் காசு வாங்காமல் நடத்தினாரா என்று தெரிந்துகொள்ள ஆசை.

வியாசர்பாடி அக்கா:

நேரத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அது சத்தியமான வார்த்தை அண்ணா. என் தம்பி மாவட்ட அளவில் ஜெயித்தவன். எங்கள் மாமா வீடு முழுக்க அந்தத் தொழில்தான், ஆனால் இவன் ஒதுங்கித்தான் இருந்தான். அவன் போய்வந்த பயிற்சி இடம் மழையில் கூரை விழுந்து எட்டு மாதம் மூடிக் கிடந்தது. அந்த எட்டு மாதத்தில்தான் மாமாவோடு சேர்ந்தான்.

இது அவன்மேல் போட்ட இரண்டாவது குண்டாஸ், அதாவது குண்டர் தடுப்புச் சட்டம். 1982-இல் போட்ட சட்டம், 12 மாதம் வரைக்கும் உள்ளே வைக்கலாம், ஜாமீன் கிடையாது. புழல் சிறைக்கு மனு போட்டுப் பார்க்கப் போனால், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று தோளை ஆட்டிக்கொண்டேதான் பேசுகிறான். பேசும்போது அவன் தாடை, மேடையில் அடியைத் தடுக்கிற மாதிரி, தானாகவே கீழே இறங்கித் தோளுக்குப் பின்னால் மறைகிறது. அம்மா அதைப் பார்த்துத்தான் அழுகிறார். அவனுக்கு 23 வயது. வெளியே வந்தால் எங்கே அனுப்புவது என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

இடதுகை:

ராயபுரம் அண்ணே, வாத்தியார் பென்ஷன் காசில்தான் நடத்தினார். முட்டை மட்டும் அம்மா கொடுத்தனுப்புவார், எல்லாப் பையன்களுக்கும் சேர்த்து.

தங்கச்சி, எனக்கும் எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைத்தபோது போலீஸ் வெரிஃபிகேஷன் பல மாதம் இழுத்தது. என் பெயரில் ஒரு வழக்குகூட இல்லை, ஆனால் அப்பா பெயரைப் பார்த்ததும் ஃபைல் நின்றுவிட்டது. 2013-இல் ஆண்கள் சீனியர் பிரிவில் ஹெட்கார்டு, அதாவது தலைக்கவசம், வேண்டாம் என்று எடுத்துவிட்ட பிறகு என் புருவம் இரண்டு முறை பிளந்து தையல் போட்டார்கள். இன்றைக்கும் வண்டிச் சோதனையில் அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டு "எந்த ஏரியாடா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அடையாள அட்டையை எடுத்துக் காட்டிவிட்டு வந்துவிடுவேன்.

வாத்தியார் போன பிறகு கொட்டகைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. வேலை முடித்து நேராக அங்கேதான் போகிறேன். நேரம் அதேதான், 5 முதல் 8. தம்பி வெளியே வரும் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடு. புழல் வாசலுக்கு நானே வருகிறேன். மாமா ஆட்களும் அன்றைக்கு வண்டி எடுத்துக்கொண்டு வருவார்கள், அதனால் நாம் சீக்கிரம் போய் நிற்க வேண்டும்.