வாடகைக்கு படம் எடுத்து 120 ரூபா போச்சு, நீங்கல்லாம் எப்படி எடுக்கீங்க?

உப்பளத்தான்:
வணக்கம் மக்களே. வீட்ல அப்பா அம்மா ரெண்டு பேரும்தான், டிவில விளம்பரத்துக்கு நடுவுல படம் பாத்து சலிச்சுப்போச்சுன்னு போன மாசம் ஸ்மார்ட் டிவி வாங்கிப் போட்டேன். மாசத்துக்கு ரெண்டு படம் பாத்தா பெருசு, அதுக்கு எதுக்கு நாலு ஆப்புக்கு சந்தா கட்டணும்னு படத்துக்குப் படம் வாடகைக்கு எடுப்போம்னு நெனச்சேன். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒம்பது மணிக்கு ஒரு ஆப்ல 120 ரூபா கட்டி படத்த போட்டா அம்மா பத்து நிமிஷத்துல தூங்கிட்டாங்க, சரி நாளைக்கு பாப்போம்னு விட்டோம், மறுநாள் சொந்தத்துல ஒரு சடங்கு, எல்லாம் முடிஞ்சு ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்பிட்டு ஒம்பதரைக்கு உக்காந்தா மறுபடியும் காசு கட்டுன்னு வருது. 30 நாள்னுதானய்யா போட்டிருந்துச்சு? அப்பா என்னைப் பாத்த பார்வை இருக்கே.

இன்னும் ரெண்டு கேள்வி. வாடகை படத்த டவுன்லோட் பண்ணி பென்டிரைவ்ல போட்டு டிவில சொருக முடியுமா? எந்தப் படம் எங்க இருக்குன்னு எப்படி கண்டுபிடிக்கீங்க? அப்பாக்கு வேணுங்கறது எல்லாம் பழைய கருப்பு வெள்ளை படம்.

நைட்ஷோ:
ப்ரோ அது 30 நாளுக்குள்ள ஆரம்பிக்கணும்ங்கற கணக்கு. பிளே அமுக்கின நேரத்துலேர்ந்து 48 மணி நேரம்தான். யூடியூப், பிரைம் வீடியோ, ஆப்பிள் டிவி எல்லாத்துலயும் பெரும்பாலும் இதே கதை. நெறய பேர் காசு கட்டினதும் "ஓடுதான்னு பாப்போம்"னு ரெண்டு நிமிஷம் போட்டுப் பாப்பாங்க, அங்கயே கடிகாரம் ஓட ஆரம்பிச்சிடும். பாக்க உக்காரும்போது எடுத்தா போதும், முன்னாடியே எடுத்து வைக்க இது ஒண்ணும் தியேட்டர் டிக்கெட் இல்ல.

பென்டிரைவ் நடக்காது. டவுன்லோட்னு இருக்கறது அந்த ஆப்புக்குள்ள மட்டும் பூட்டி வச்ச ஃபைல், வேற எதுலயும் ஓடாது, டவுன்லோட் பண்ணி வச்சாலும் 48 மணி நேரம் முடிஞ்சா முடிஞ்சதுதான். நெட் இல்லாத பஸ் பயணத்துக்கு லாயக்கு, அவ்ளோதான். இன்னொண்ணு, பிரைம்ல வாடகைக்கு எடுக்க சந்தா கட்டியிருக்கணும்னு அவசியமே இல்ல, 2022ல இந்தியால அத ஆரம்பிச்சப்பவே அப்படித்தான், பாதி பேருக்கு இது தெரியாது.

கோவை குசும்பு:
ஏனுங்க, எச்டி விலை கட்டறதுக்கு முன்னாடி எதுல பாக்கப் போறீங்கன்னு ஒருக்கா யோசிங்க. நான் எச்டிக்கு தனி காசு கட்டி போன்ல பாத்தா படம் கழுவி ஊத்தின மாதிரி மங்கலா ஓடுச்சு, நெட்டு ஸ்லோன்னு நெட்டுக்காரன திட்டிட்டு இருந்தேன், அப்புறம் பாத்தா போன்ல வைட்வைன்னு ஒரு பூட்டு இருக்குதுங்க, படத்த காப்பி அடிக்காம காக்கறது, அதுல ஒசந்த எல்1 இல்ல, கீழ் மட்டம் எல்3தான். எல்3 போன்ல பெரும்பாலான ஆப் 480பி தரத்த தாண்டி விடாது, அது எச்டிக்கு கீழ, நீங்க எவ்வளவு கட்டியிருந்தாலும் சரி. டிஆர்எம் இன்ஃபோன்னு ஆப் இருக்குது, போட்டா உங்க போன் எதுன்னு சொல்லிடும். புரொஜெக்டர்ல பாக்கறவங்க அதுல எச்டிசிபி, அதாவது எச்டிஎம்ஐ வயர் வழியா காப்பி அடிக்காம தடுக்கற பூட்டுக்கு சப்போர்ட் இருக்கான்னு பாத்துக்கோங்க, இல்லைன்னா சத்தம் வரும் படம் வராது.

அப்பாவோட கருப்பு வெள்ளை படத்துக்கு எச்டி வேண்டவே வேண்டாம், அந்த பிரிண்டே அவ்வளவுதானுங்க.

ஃபாஸ்ட்ஃபார்வர்ட்:
எதுக்கு இவ்ளோ கஷ்டம், டெலிகிராம்ல தேடினா ஓசில கெடைக்குது, பென்டிரைவ்லயும் ஓடும்

டெக்கு வாடகை:
தம்பி, ஓசி ஓசின்னு போய் ஓரத்துல சூதாட்ட விளம்பரம் ஓடற பிரிண்டையா பெரியவங்களுக்கு போட்டுக் காட்டப் போற? "பிளேயர் இன்ஸ்டால் பண்ணு"ன்னு ஒரு ஏபிகே, அதான் பிளே ஸ்டோருக்கு வெளிய வர்ற ஆப் ஃபைல், வரும், அத அமுக்கினா பேங்க் ஓடிபி வரைக்கும் படிச்சிடும். அது போக 2023ல சினிமா சட்டத்த திருத்தி, படத்த திருட்டுத்தனமா ரெக்கார்ட் பண்ணி பரப்பறவனுக்கு 3 மாசத்துலேர்ந்து 3 வருஷம் வரை ஜெயில், அபராதம் 3 லட்சத்துக்கு கொறையாதுன்னு வச்சிருக்காங்க.

உப்பளத்தான் கதைய படிச்சதும் எனக்கு சிரிப்புதான். நாங்க எண்பதுகள்ல டெக்கும் (வீடியோ கேசட் போடற பொட்டி) கலர் டிவியும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, தெருவே பாய் போட்டு உக்காந்து விடிய விடிய மூணு கேசட் பாப்போம், காலைல ஆறு மணிக்கு கடைப் பையன் வாசல்ல நிப்பான், மூணாவது படத்துல கிளைமாக்ஸ் பாக்கி இருந்தாலும் புடுங்கிட்டுப் போயிடுவான். உனக்காவது 48 மணி நேரம் குடுத்தான். 2015ல டைரக்டர் சேரன் சி2எச்னு படத்தோட டிவிடிய நேரா வீட்டுக்கே கொண்டு வந்து குடுத்துப் பாத்தார், ஐடியா நல்ல ஐடியாதான், அப்ப ஜனங்க டிவிடிலேர்ந்தே மாறிட்டிருந்த நேரம்.

ரீல்பொட்டி:
எங்க இருக்குன்னு தேட ஜஸ்ட்வாட்ச் சைட். நாடு இந்தியான்னு மாத்திட்டு தேடுங்க, சந்தால இருக்கா வாடகையா விலைக்கான்னு பிரிச்சு காட்டும். ஆனா பழைய தமிழ் படத்துக்கு அத நம்பி இருக்க முடியாது, நேரா யூடியூப்ல தேடுங்க, ரைட்ஸ் வச்சிருக்கற கம்பெனிங்க சேனல்ல விளம்பரத்தோட ஓசியாவே ஏத்தி வச்சிருப்பாங்க. நம்ம சட்டப்படி படத்தோட காப்புரிமை வெளியான அடுத்த வருஷத்துலேர்ந்து 60 வருஷம்தான், அதனால 1964 வரைக்கும் வந்ததெல்லாம் படம்ங்கற அளவுல முடிஞ்சது, ஆளாளுக்கு ஏத்தறாங்க. பிரச்சினை எங்கன்னா, பாதி பேர் பாட்ட வெட்டிட்டு ஏத்தறான்.

இதுக்கு ஒரு வழி சொல்றேன், யாரும் சொல்ல மாட்டாங்க. படம் ஆரம்பத்துல சென்சார் சர்டிபிகேட் வருதில்ல, அத பாஸ் பண்ணுங்க. எத்தன ரீல், எத்தன மீட்டர்னு போட்டிருக்கும். 35 எம்எம் ஃபிலிம் நிமிஷத்துக்கு 27.4 மீட்டர் ஓடும், அதால வகுத்தா படத்தோட அசல் நீளம் நிமிஷத்துல வந்துரும். ரொம்ப பழசுன்னா அடில போட்டிருப்பான், அப்ப 90ஆல வகுங்க. வர்ற கணக்கையும் ஆப்ல போட்டிருக்கற நேரத்தையும் வச்சுப் பாருங்க. ஒரு 4 சதவீதம் கொறஞ்சா பயப்பட வேண்டாம், செகண்டுக்கு 24 ஃப்ரேம் ஓடற படத்த நம்மூரு டிவிக்கு 25 ஃப்ரேம்ல ஓட்டி மாத்தினதால வர்றது. அதுக்கு மேல கொறஞ்சா கத்தரி போட்டாச்சுன்னு அர்த்தம், காசு கட்டாதீங்க.

நைட்ஷோ:
@ரீல்பொட்டி யோவ், இத்தன நாளா இத சொல்லாம எங்கய்யா இருந்தீரு

உப்பளத்தான்:
அண்ணாச்சிமார் எல்லாருக்கும் நன்றி. ரீல்பொட்டி அண்ணாச்சி சொன்னத நேத்தே செஞ்சு பாத்துட்டேன். 120 ரூபாக்கு எடுத்தேன்ல, அதே படம் யூடியூப்ல ஓசிக்கே கெடக்கு, எனக்கு வந்த கடுப்பு! சரின்னு சர்டிபிகேட்ட நிறுத்திப் பாத்தா 4,380 மீட்டர், வகுத்தா 160 நிமிஷம். 4 சதவீதம் கழிச்சாலும் 154 வரணும், ஆனா வீடியோ 2 மணி 19 நிமிஷம்தான். அப்பாட்ட சொல்லல, பேசாம போட்டு விட்டேன். இடைவேளைக்கு கொஞ்சம் முன்னாடி "எலேய், இங்க ஒரு படகுப் பாட்டு உண்டே, எங்க போச்சு?"ன்னாரு. இப்ப முழு படம் எங்க இருக்குன்னு தேடிட்டு இருக்கேன், 154 நிமிஷம் இருக்கறது கெடச்சா வாடகை கட்டவும் ரெடி, பிளே மட்டும் எல்லாரும் உக்காந்த பெறவுதான்.