ஒரு மணி நேரம் லேட், இன்னும் ஒரு மணி நேரம் லேட்...

டெல்லியிலிருந்து சென்னைக்கு இரவு ஒன்பதே காலுக்குக் கிளம்ப வேண்டிய விமானம். ஜனவரிதான், ஆனால் அன்றைக்குப் பனிமூட்டம் இல்லை, பக்கத்து கேட்டில் எல்லாம் போய்க்கொண்டிருந்தன. எங்களுக்கு மட்டும் போர்டில் 10.15, அப்புறம் 11.30, அப்புறம் 12.45. இந்தத் தவணை முறைதான் விஷயமே. ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்று ஒரேயடியாகச் சொன்னால் டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) விதிப்படி வேறு விமானமோ முழுப் பணமோ தர வேண்டும். இரவு 8 மணிக்கும் விடிகாலை 3 மணிக்கும் நடுவே கிளம்புகிற விமானம் என்றால் ஹோட்டல் ரூமும் போய்வர வண்டியும் அவர்கள் செலவு. துண்டு துண்டாகச் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்?

இந்த வழித்தடத்தில் 3 மணி நேரம் தாமதமானாலே சாப்பாடு தர வேண்டும். இன்சுலின் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவருக்காகக் கேட்டபோதுகூட "மேனேஜர் வரட்டும் சார்" என்றார்கள். ஒரு பையன் விதியை போனில் எடுத்து கவுண்டரில் நீட்டியதும் ஆறிப்போன உப்புமாவும் ஜூஸ் டப்பாவும் வந்தன. ரூம் கேட்டதற்கு, "இதோ ஏறப் போறீங்க, இப்போ எதுக்கு ரூம்?" கிளம்பும்போது மணி நாலே முக்கால். போர்டு மாறிய ஒவ்வொரு தடவையும் படம் எடுத்து வைத்து விமானப் பயணிகள் புகாருக்கான அரசுத் தளமான ஏர்சேவாவில் புகார் போட்டேன். வருத்தக் கடிதமும் ஒரு கூப்பனும் வந்தன, அவ்வளவுதான்.

*

மேலே எழுதிய அண்ணாவுக்கு: நம்மூர் விதியில் தாமதத்துக்கு நஷ்டஈடு என்று காசு கிடையாது, நீங்கள் சொன்ன சாப்பாடும் படுக்கையும் டிக்கெட் பணமும்தான். முன்னறிவிப்பு இல்லாமல் ரத்து செய்தால் நஷ்டஈடு உண்டு, அதுவும் அதிகபட்சம் 10,000 ரூபாய். ஐரோப்பாவில் வேறு கதை. பிராங்க்பர்ட்டிலிருந்து சென்னைக்கு நான் வந்த விமானம் ஐந்து மணி நேரம் லேட். 3,500 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் ஆளுக்கு 600 யூரோ. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பினால் எந்த நாட்டு நிறுவனமானாலும் இது பொருந்தும். முதலில் "அசாதாரண சூழ்நிலை" என்று மறுத்துவிட்டார்கள். என்ன சூழ்நிலை என்று எழுத்தில் கேட்டேன், தொழில்நுட்பக் கோளாறாம். சாதாரணக் கோளாறு அந்தக் கணக்கில் வராது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008லேயே சொல்லியிருக்கிறது, அதைக் குறிப்பிட்டு பதில் போட்டேன், பணம் வந்தது. இன்னொன்று, எவ்வளவு லேட் என்று பார்க்க தரையிறங்கிய நேரம் கணக்கில்லை, கதவு திறந்த நேரம்தான். கமிஷன் கேட்கிற ஏஜென்ட்டிடம் போகாதீர்கள், நிறுவனத்தின் தளத்திலேயே ஃபாரம் இருக்கும்.