பிடித்த இடத்தில் நிற்காத ஹேண்ட்பிரேக் லீவர்: உதவி தேவை

வண்டி 1992 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர். முதல் தலைமுறை. இரண்டு மாதமாக ஹேண்ட்பிரேக் லீவர் படுத்துகிறது. மேலே இழுத்தால் நாலைந்து 'டிக்' கேட்கும், கையை எடுத்ததும் ஒன்றிரண்டு பல் நழுவிக் கீழே இறங்கிவிடும். முனையில் இருக்கும் பட்டனும் அழுத்தினால் சில நேரம் உள்ளேயே நின்றுவிடுகிறது. சரிவில் நிறுத்தும்போது கியரில் போட்டு, சக்கரத்துக்கு அடியில் கல்லும் வைக்கிறேன். ஸ்போர்ட்ஸ் கார் என்று வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

முதலில் கேபிள்தான் தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன். பின் சக்கரங்களின் காலிப்பர்களை (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) சரிசெய்து, அப்புறம் லீவர் பக்கத்து நட்டையும் இறுக்கினேன். பிடிப்பு நன்றாக இருக்கிறது, நழுவல் மட்டும் அப்படியே. சரி என்று லீவரைக் கழற்றினேன். உள்ளே பழைய கிரீஸ் தார் மாதிரி இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, பட்டன் ஸ்பிரிங்கையும் புதிதாக மாற்றினேன். பட்டன் இப்போது ஓரளவு பரவாயில்லை.

உண்மையான சிக்கல், ராட்செட் (லீவரைக் கீழே இறங்கவிடாமல் பிடிக்கும் பல்வரிசை) பற்களில் மாட்டும் கொக்கி. அதன் முனை மழுங்கி உருண்டையாகிவிட்டது. பற்களில் நடுவே உள்ள மூன்றும் தேய்ந்திருக்கின்றன, ஓரத்தில் இருப்பவை கூர்மையாகவே உள்ளன. கொக்கியை ரிவெட் அடித்துப் பொருத்தியிருப்பதால் தனியாகக் கழற்ற முடியவில்லை. அரத்தால் லேசாக ராவிப் பார்த்தேன், ஒரு வாரம்தான் தாங்கியது.

ரிவெட்டை உடைத்து, கொக்கி முனையில் வெல்டிங் வைத்து ராவினால் நம்பி ஓட்டலாமா, இல்லை முழு லீவரையும் மாற்றுவதுதான் வழியா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.