கையெழுத்துப் போடாமலே ஒப்பந்தம் மாறுமா?

வணக்கம் அண்ணன்மார், அக்காமார்களே. மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தங்கை வீட்டுக்காரர் இங்கே ஒரு செம்பனை ஆலையில் பாய்லர் பக்கம் வேலை செய்கிறார். அவருடைய ஆஃபர் லெட்டரில் மாதம் 250 வெள்ளி ஷிஃப்ட் அலவன்ஸ் என்று தெளிவாகவே இருக்கிறது. போன மாதம் பஞ்ச் கார்டு மெஷினுக்கு மேலே மலாயில் ஒரு தாள் ஒட்டினார்கள்: அடுத்த மாதம் முதல் அலவன்ஸ் கிடையாது, ஏழு நாளுக்குள் எழுத்தில் மறுக்காதவர்கள் சம்மதித்ததாகக் கருதப்படுவார்கள். மச்சான் அந்த வாரம் லீவு! இப்போது சம்பளச் சீட்டில் அந்த வரியையே காணோம்.

1950 ஒப்பந்தச் சட்டப்படி, பழைய ஒப்பந்தத்தை மாற்ற இரு தரப்பும் ஒத்துக்கொள்ள வேண்டும். வாயை மூடியிருந்தால் அது சம்மதமா? ஆனால் எதிர்ப்பே சொல்லாமல் தொடர்ந்து வேலை செய்தால், பின்னால் அதையே ஒப்புதலாகக் காட்டுவார்கள் என்று பயம். "ராஜினாமா கொடுத்துவிட்டு கேஸ் போடு" என்கிறார் ஒருவர். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது நடக்கிற காரியமா? அப்படிக் கேஸ் போடுவதற்கும் தொழில் உறவு இலாகாவில், வேலை போன நாளிலிருந்து 60 நாள் கெடு உண்டு.

எதிர்ப்புக் கடிதத்தை இப்போது கொடுத்தால் செல்லுமா? முதலில் தொழிலாளர் இலாகாவுக்குப் போவதா, தொழிற்சங்கத்துக்கா? இப்படிப் பட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கடிதத்தின் மாதிரி இருந்தால் ரொம்ப உதவியாக இருக்கும், மலாயில் இருந்தாலும் சரி.