‘லெவலிங்’ என்பதற்குத் தமிழில்: மட்டஞ்சேர்தலும் மட்டஞ்சேர்த்தலும்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய லிஃப்டுகளின் உறுப்புகளுக்கும் இயக்கத்துக்கும் பெயர் தேடும் இந்த இழையில், ‘லெவலிங்’ (ஆட்கள் நிற்கும் கூண்டின் தரையைத் தளத்தின் வாசல் விளிம்போடு ஒரே மட்டமாக நிறுத்துவது) என்னும் சொல்லுக்கு இதுவரை சமன்படுத்தல், தளப்பொருத்தம், மட்டப்படுத்தல் ஆகிய மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றையும் சில நாட்களாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அந்த வேலையை அருகிலிருந்து கண்டவரின் வாயில் வரும் சொல்லாக எதுவும் எனக்குப் படவில்லை. ஆகவே முதலில் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிட்டு, பிறகு என் பரிந்துரையை வைக்கிறேன்.

நன்கு பேணப்பட்ட ஒரு பழைய லிஃப்டில், அதைக் கையால் இயக்கும் ஊழியரின் பக்கத்தில் நின்று பலமுறை ஏறி இறங்கும் வாய்ப்பு அண்மையில் கிடைத்தது. மடக்குக் கதவின் பித்தளைப் பிடி, பல்லாண்டுகள் கைபட்டுப் பட்டு மழமழவென்று தேய்ந்திருந்தது. தள எண் பொத்தான்கள் கிடையாது. சுவரில் பொருத்திய அரைவட்டப் பெட்டியில் ஒரு கைப்பிடி மட்டுமே இருந்தது. அதை ஒரு பக்கம் தள்ளினால் கூண்டு ஏறும், மறுபக்கம் தள்ளினால் இறங்கும், கையை எடுத்தால் உள்ளிருக்கும் வில் (ஸ்பிரிங்) அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். நடுவுக்கு வந்ததும் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரம் நிற்கிறது. பிரேக்கைத் திறந்து வைத்திருந்த மின்காந்தமும் அதோடு விட்டுவிடுவதால், வில்லின் விசையில் பிரேக் கட்டைகள் உருளையைக் கவ்விக்கொள்கின்றன. ஆனாலும் கூண்டு அந்த நொடியிலேயே நிற்பதில்லை, சற்று வழுக்கிக்கொண்டு போய்த்தான் நிற்கிறது. அந்த வழுக்கலை மனத்தில் கணக்கிட்டு, தளம் வருவதற்கு முன்பே கையை எடுப்பதில்தான் ஊழியரின் தேர்ச்சி முழுவதும் இருக்கிறது.

வழுக்கலும் எப்போதும் ஒரே அளவாக இருப்பதில்லை. வடத்தின் மறுமுனையில் கூண்டுக்கு எதிராகத் தொங்கும் எதிரெடையைப் பொதுவாகக் கூண்டின் எடையோடு, அது சுமக்கக்கூடிய முழுச் சுமையில் 40 முதல் 50 விழுக்காடு வரை கூட்டி அமைக்கிறார்கள். எனவே காலியாக மேலே போகும் கூண்டை எதிரெடையே இழுத்துக்கொண்டு போகும். ஆட்கள் நிறைந்து கீழே வரும் கூண்டைச் சுமையே இழுத்துக்கொண்டு வரும். இரண்டிலும் நிற்கும் தொலைவு கூடிவிடும். ஊழியர் ஒவ்வொரு முறையும் ஏறியவர்களை ஒரு பார்வை பார்த்துக்கொண்டதன் காரணம் எனக்கு நான்காவது முறைதான் விளங்கியது. ஒரே ஒரு தடவை கூண்டு விரலளவு தாழ்ந்து நின்றுவிட்டது. அவர் கைப்பிடியைக் கணநேரம் தொட்டு விட்டார். மேலே இயந்திர அறையில் ‘டக்’ என்று ஓர் ஓசை. கூண்டின் தரையும் வாசல் விளிம்பும் ஒரே கோடாயின. செருப்பின் நுனியால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்த பிறகே கதவைத் திறந்தார். நாம் பெயர் தேடுவது இந்தச் செயலுக்குத்தான்.

இப்போது பரிந்துரைகளுக்கு வருகிறேன். ‘சமன்’ என்றதும் தராசின் இரு தட்டுகள்தான் நினைவுக்கு வருகின்றன. எதிரெடையைக் கூண்டுக்கு ஏற்ப அமைப்பதற்கு அந்தச் சொல் கட்டாயம் வேண்டும்; ஒரே கையேட்டில் இரண்டு வேலைகளுக்கும் அதையே எழுதினால் பழுது பார்ப்பவர் தடுமாறுவார். ‘தளப்பொருத்தம்’ முடிந்த நிலையைச் சொல்கிறதே தவிர, நடக்கும் வேலையைச் சொல்லவில்லை. ‘மட்டப்படுத்தல்’ வேரளவில் சரியானது, ஆனால் காதில் ‘மட்டுப்படுத்தல்’ என்றே விழுகிறது. வேகத்தைக் குறைப்பதைப் பற்றியும் பேசும் துறையில் அந்தக் குழப்பம் கூடாது.

மட்டம் என்றால் தரக்குறைவு என்று பொருளாகிவிடும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அவர் அச்சம் ‘மட்டமான’, ‘மட்டம் தட்டுதல்’ போன்ற வழக்குகளைப் பொறுத்தவரை சரியானதே. ஆனால் கடல்மட்டம், நீர்மட்டம் என்னும்போது யாரும் இழிவாக எண்ணுவதில்லை. கொத்தனார் நாள்தோறும் கையில் எடுக்கும் ரசமட்டத்தில் இருப்பதும் இதே சொல்தான். கிடைக்கோட்டின் ஒழுங்கைக் குறிக்க உழைப்பவர்கள் வழங்கும் சொல் இருக்கும்போது, அதை விட்டுவிட்டு வேறொன்றைத் தேட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே மட்டம் என்பதை வைத்துக்கொண்டு, அதனோடு ‘சேர்’ என்னும் வினையைக் கூட்டலாம் என்பது என் பரிந்துரை. ஊர் சேர்ந்தான், படகு கரை சேர்ந்தது என்கிறோம்; பயணம் முடிந்து உரிய இடத்தை அடைவது அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. அதைவிட முக்கியமான பயன், தன்வினையும் பிறவினையும் இணையாகக் கிடைப்பதுதான். கைப்பிடி லிஃப்டில் ஊழியர் கூண்டை மட்டஞ்சேர்க்கிறார். 1910-களில் தானியங்கி ஏற்பாடு வந்த பிறகு கூண்டு தானாகவே மட்டஞ்சேர்கிறது. ‘லெவலிங்’ என்ற ஒரே சொல் மறைத்துவிடும் இந்த வேறுபாட்டைத் தமிழ் வினை தன் அமைப்பாலேயே காட்டிவிடுகிறது என்பதைக் கண்டபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது. ஓர் எழுத்தே வேறுபாடு என்பதால் அச்சில் பிழை நேரலாம் என்பது உண்மை. மெய்ப்பு பார்ப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

இதிலிருந்து இன்னொரு சொல்லும் பிறக்கிறது. எஃகுக் கம்பிவடம் சுமையில் சிறிதளவு நீளும். தளத்தில் நின்றபின் பலர் ஒன்றாக இறங்கினால் வடம் சுருங்கிக் கூண்டு மெல்ல மேலெழும். அதைத் திரும்பவும் சரிசெய்துகொள்வதை ‘மீள்மட்டஞ்சேர்தல்’ எனலாம்.

பழைய லிஃப்டுகள் எல்லாவற்றையும் ‘மின்தூக்கி’ எனலாமா என்ற கேள்விக்கும் ஒரு வரி. 1857-இல் நியூயார்க்கின் ஹாவட் கடையில் எலிஷா ஓட்டிஸின் நிறுவனம் அமைத்த பயணியர் லிஃப்ட் நீராவியால் ஓடியது. வெர்னர் சீமன்ஸ் ஜெர்மனியின் மான்ஹைமில் மின்சார லிஃப்டைக் காட்டியது 1880-இல்தான். எனவே வரலாற்றுக் கட்டுரைகளில் ‘தூக்கி’ என்றே பொதுவாகக் குறித்து, மின்சாரத்தால் ஓடுபவற்றை மட்டும் மின்தூக்கி என்பது நல்லது.

சொற்பட்டியலுக்கான வரைவு இது. திருத்தங்கள் இருப்பின் எழுதுங்கள்.

மட்டஞ்சேர்த்தல்: தூக்கியின் கூண்டுத் தரை, நிற்க வேண்டிய தளத்தின் வாசல் விளிம்போடு ஒரே மட்டத்தில் அமையுமாறு இயக்குபவர் அதைக் கொண்டுவந்து நிறுத்துதல். ‘நிறைசுமையோடு இறங்கும்போது மட்டஞ்சேர்க்க, கைப்பிடியை முன்னதாகவே விட வேண்டும்.’

மட்டஞ்சேர்தல்: அதே நிலையைக் கூண்டு தானியங்கி ஏற்பாட்டால் அடைதல். ‘கூண்டு மட்டஞ்சேர்ந்த பிறகே கதவு திறக்கும்.’