அமெரிக்க உலர் மூக்குப்பொடி: பட்டணம் பொடிக்குப் பழகின மூக்குக்கு எப்படி?

அடிவாரம்:
வணக்கம். டென்னசியில் இருந்து வந்த உறவுக்காரர் மூணு டின் கொடுத்திருக்கார். காரெட் ஸ்காட்ச், ரயில்ரோடு மில்ஸ் பிளெய்ன், ரயில்ரோடு மில்ஸ் ஸ்வீட். பழக்கம் பட்டணம் பொடிதான். அதே சிட்டிகை அளவு எடுத்து அதே வேகத்தில் இழுத்தா நேரா தொண்டைக்குப் போய் இருமல் பிடுங்குது. அடுப்புப் புகை நெடி ஒண்ணுதான் தெரியுது, மூணுக்கும் வித்தியாசமே பிடிபடலை. எவ்வளவு எடுக்கணும், எதை முதல்ல போடணும்? இன்னொண்ணு, வீடு ஏற்காட்டில். பாதி டின் இப்பவே கட்டி பிடிக்க ஆரம்பிச்சிருச்சு. அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

பொடிமட்டை:
இருமலுக்குக் காரணம் அரைப்பு. நம்ம பொடியில் நெய் சேரும், கொஞ்சம் பிசுபிசுப்பு இருக்கும், அதனால மூக்கு முனையிலேயே ஒட்டிக்கும். அமெரிக்க உலர் பொடி மைதா மாதிரி நைசு, ஈரப்பதம் நூத்துக்குப் பத்துக்கும் கீழே. நெய்யும் கிடையாது. வேகமா இழுத்தா மூக்கில் தங்காம காத்தோட உள்ளே போயிரும்.

டின்னைத் திறக்கும்போது ஃபேனை நிறுத்துங்க. மூடியைத் தட்டித் திறக்காதீங்க, தூசி கிளம்பும். ஒரு நிமிஷம் அப்படியே வெச்சு அடங்க விடுங்க. எடுக்கிற அளவு தீக்குச்சித் தலை அளவு, அதுக்கு மேலே வேண்டாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நல்லா அழுத்திப் பிடிச்சுக்கணும், தளர்வாப் பிடிச்சா பறக்கும். முதல்ல வாய் வழியா மூச்சை முழுசா வெளியே விடுங்க. அப்புறம் வாசம் பார்க்கிற அளவுக்கு மட்டும் ஒரு சின்ன இழுப்பு. பொடி மூக்கு நுனியைத் தாண்டக் கூடாது. உடனே மூக்கால மூச்சு வாங்காம அரை நிமிஷம் வாயால விட்டு வாங்குங்க. தொண்டையில் கசப்பு இறங்கினா ஒண்ணு அளவு அதிகம், இல்லேன்னா இழுப்பு அதிகம். கசப்பை விழுங்காம துப்பிடுங்க, விழுங்கினா வயித்தைப் பிரட்டும்.

வரிசை: முதல்ல ரயில்ரோடு மில்ஸ் பிளெய்ன், அடுத்து காரெட், கடைசியா ஸ்வீட். ஒரு நாளைக்கு ஒரு டின்தான். இந்தப் புகை வாசம் மூக்கில் மணிக்கணக்கா நிக்கும். மூணையும் ஒரே மாலையில் போட்டா மூணும் ஒண்ணாத்தான் தெரியும், உங்களுக்கு வித்தியாசம் பிடிபடாததும் இதனாலதான். அன்னைக்குப் பட்டணம் பொடியும் வேண்டாம். அதில் இருக்கிற சுண்ணாம்பு மூக்குத் தோலை எரிச்சுவிட்டிருக்கும், அது மேல எந்தப் பொடி போட்டாலும் காரம் மட்டும்தான் தெரியும்.

இதில் கிக் கம்மின்னு நினைச்சு அளவைக் கூட்டாதீங்க. சுண்ணாம்பு சேர்ந்தா நிகோடின் விடுபட்டு உடனே ஏறும். நம்ம பொடி சட்டுனு மண்டைக்கு ஏறுறது அதனாலதான். சுண்ணாம்பு இல்லாதது மெதுவா ஏறும். ஒரு சிட்டிகைக்கும் அடுத்ததுக்கும் நடுவே குறைஞ்சது இருபது நிமிஷம் விடுங்க. குளிர் வியர்வை, விக்கல், குமட்டல் வந்தா நிகோடின் கூடிப் போச்சுன்னு அர்த்தம். அதோட நிறுத்திட்டு உட்கார்ந்து தண்ணி குடிங்க. வாந்தி நிக்கலை, நெஞ்சு படபடப்பு அடங்கலைன்னா ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.

மலைக்காடு:
ஏற்காட்டு ஈரத்துக்கு அந்த டின் தாங்காது. திறந்த அன்னைக்கே சின்னச் சின்னக் கண்ணாடி பாட்டில்களுக்கு மாத்திடணும். பத்து கிராம் பிடிக்கிற, ரப்பர் வளையம் வெச்ச மூடி உள்ள பாட்டில் போதும். கழுத்து வரைக்கும் நிரப்புங்க, உள்ளே காத்து எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது. ஒண்ணை மட்டும் புழக்கத்தில் வெச்சுக்கிட்டு மத்ததைத் திறக்கவே வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைக்காதீங்க. வெளியே எடுத்துக் குளிர் விடுறதுக்குள்ளே திறந்தா பாட்டில் உள்பக்கம் வேர்த்து, பொடி ஒரே நாளில் கட்டியாயிரும்.

இப்ப கட்டி பிடிச்சதை முதல்ல மோந்து பாருங்க. பூஞ்சை வாடையோ வெள்ளை நூலோ இருந்தா பேசாம கொட்டிடுங்க, காய வெச்சுக் காப்பாத்தப் பார்க்க வேண்டாம். ஈரத்தில் பாக்டீரியா பெருகினா புகையிலையில் நைட்ரோசமைன் கூடும், புற்றுநோய்க்குக் காரணமான பொருள் அது. வாடை சுத்தமா இருந்தா சேலத்துக்கு இறங்கும்போது எடுத்துட்டுப் போங்க. பங்குனி, சித்திரையில் கீழே காத்து நல்லா வறண்டு இருக்கும். வீட்டுக்குள்ளே, ஃபேன் இல்லாத அறையில், வெள்ளைத் தாளில் மெலிசாப் பரப்பி ஒரு மணி நேரம் விட்டாப் போதும். வெயிலில் வைக்காதீங்க, வாசம் போயிடும். அப்புறம் பழைய வேட்டித் துணியில் சலிச்சுக்கலாம். டீ வடிகட்டியின் கண் இதுக்குப் பெருசு.

காப்பிக்கொட்டை, மிளகு இருக்கிற அலமாரியில் இந்தப் பாட்டிலை வைக்காதீங்க. புகை வாசம் காப்பியில் ஏறினா இறங்காது.

அடிவாரம்:
நன்றி. அளவைக் குறைச்சதும் இருமல் நின்னுருச்சு. ஸ்வீட் மட்டும் மூக்குக்குள்ளே பசை மாதிரி ஒட்டுது, ஏன்? இன்னொரு யோசனையும் இருக்கு. வேதாரண்யம் இலையை வாங்கி இங்கே விறகுப் புகை போட்டு அரைச்சா இந்த வாசம் கிடைக்குமா?

லீபஜார்:
ஸ்வீட் என்று போட்டதில் இனிப்பு சேர்த்திருப்பாங்க. அது மூக்கு ஈரத்தில் கரைஞ்சு பசையாகும். அந்த வகை முக்கியமா வாய்க்குன்னு செஞ்சது. அமெரிக்கத் தென் மாநிலங்களில் இந்தப் பொடியைப் பெரும்பாலும் மூக்கில் போட மாட்டாங்க. பிளாக் கம் என்கிற மரத்துக் குச்சியை நுனி மென்னு, நம்ம வேப்பங்குச்சி கணக்கா பிரஷ் ஆக்கி, பொடியில் தொட்டு ஈறில் வைப்பாங்க. இல்லேன்னா கீழ் உதட்டுக்குள்ளே ஒதுக்கிக்குவாங்க. உங்களுக்கு மூக்கில் ஒட்டுதுன்னா ஸ்வீட் டின்னை விட்டுடுங்க. வாய்க்கு மாத்திப் பார்க்கலாம்னு மட்டும் போயிடாதீங்க.

புகை போடுற யோசனை நடக்காது. கென்டக்கி, டென்னசியில் விளையுற கறுத்த, கனத்த இலைக்கு அது தனி வேலை. உயரமான மரக் கொட்டகையில் இலையைக் கழியில் தொங்கவிட்டு, கீழே ஓக், ஹிக்கரி கட்டைகளைப் போட்டு மேலே மரத்தூள் மூடி, தீ எழாம வாரக்கணக்கில் புகைய விடுவாங்க. அப்புறம் இலையை நாள்பட வெச்சுப் புளிக்க வைக்கணும். பிறகுதான் அரைப்பு. நம்ம பக்கத்து இலை பெரும்பாலும் வெயிலில் பதமாகிறது. இலை ரகமே வேற, நாலு நாள் அடுப்புப் புகையில் தொங்கவிட்டா மேலே கரிதான் படியும், உள்ளே பதம் மாறாது. அந்த நைசு வீட்டு மிக்ஸியில் வராது. மாவு மில்லுக்குத் தயவுசெஞ்சு கொண்டுபோகாதீங்க. கல்லில் ஒட்டுற புகையிலைத் தூள் அடுத்து அரைக்கிறவங்க வீட்டு ராகி மாவில் போய்ச் சேரும், குழந்தைங்க சாப்பிடுற சாமான்.

வகைகள் எல்லாம் ஒரே சாயலில் இருக்கேன்னு தோணுறதுக்கும் பின்னணி உண்டு. 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியை உடைச்சப்ப பொடி வியாபாரம் மூணு கைக்குப் பிரிஞ்சது: அமெரிக்கன் ஸ்னஃப், ஜார்ஜ் ஹெல்ம், வைமன் புரூட்டன். இன்னைக்குக் கிடைக்கிற பழைய பெயர்களில் பெரும்பாலானது இந்த மூணு வீட்டில் ஏதோ ஒண்ணில் இருந்து வந்தது. அதனால பெயரைப் பார்த்து டின் சேர்க்கிறதைவிட பிளெய்ன், ஸ்வீட், ரோஜா வாசம் ஏத்தின மக்கபாய் என்று வகைக்கு ஒண்ணு பார்த்தாலே முழுப் படமும் கிடைச்சுரும்.

பல்_ஈறு:
வாய்க்குப் போகாதீங்கன்னு மேலே சொன்னதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லணும். இந்தப் பொடியைப் பற்றிய முக்கியமான ஆய்வே இதை ஈறில் வெச்ச வட கரோலினாப் பெண்களிடம் நடந்தது, 1981இல் வெளியானது. வாய்ப் புற்றுநோய் வாய்ப்பு சுமார் நாலு மடங்கு. நீண்ட காலம் பயன்படுத்தினவங்களுக்கு, பொடி படுற கன்னத்திலும் ஈறிலும் ஏறக்குறைய ஐம்பது மடங்கு. புகையில் பதப்படுத்தின இலையில் நைட்ரோசமைனோட விறகுப் புகையின் பென்சோபைரீனும் சேர்ந்தே வருது. நீங்க ரசிக்கிற அந்த வாசமும் இந்த விஷமும் வர்றது ஒரே புகையில் இருந்து. சுத்தமான அமெரிக்கப் பொடி, அதனால பரவாயில்லை என்ற நினைப்பு வேண்டாம்.

மூக்கில் போடுறதுக்கும் பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாது. சைனஸ், ரத்த அழுத்தம், இதய நோய் இருக்கிறவங்களும் கர்ப்பிணிகளும் தொடவே கூடாது. இதுவரைக்கும் பொடி பழக்கமே இல்லாத ஒருத்தர் இதைப் படிச்சுட்டு ருசி பார்க்க ஆரம்பிக்கிறதும் வேண்டாம், நிகோடின் பிடிச்சா விடாது. மூணு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, மூக்கில் ஒரு பக்கம் மட்டும் ரத்தம், இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்க. பாட்டிலைக் குழந்தைங்க கைக்கு எட்டாத உயரத்தில், பூட்டின இடத்தில் வைங்க. சின்னப் பிள்ளை ஒரு வாய் அள்ளிப் போட்டாலே விஷமாகும்.

போட்டவங்க படுக்கப் போறதுக்கு முன்னே மூக்கைக் கழுவிடுங்க. கொதிக்க வெச்சு ஆறின தண்ணி கால் லிட்டருக்கு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவா உப்பு. குழாய்த் தண்ணியை அப்படியே மூக்கில் விடாதீங்க, அதில் அமீபா இருக்கலாம்.

பொடிமட்டை:
கடைசியா ஒண்ணு, அடுத்த முறை யாராவது வரும்போது உதவும். வெளிநாட்டில் இருந்து வர்றவங்க பெட்டியில் தீர்வை இல்லாம கொண்டுவரக்கூடிய புகையிலை 125 கிராம். இந்தச் சின்ன டின் ஒண்ணு 1.15 அவுன்ஸ், அதாவது 32.6 கிராம். மூணு டின் அடங்கும், நாலாவது வந்தா 130ஐத் தாண்டிடும். வந்ததை யாருக்கும் விற்காதீங்க. 85 சதவீதம் எச்சரிக்கைப் படம் இல்லாத டப்பாவை இங்கே விற்கிறது குற்றம், பதினெட்டு வயசுக்குக் கீழே இருக்கிறவங்களுக்கு எந்தப் பொடியையும் விற்கக் கூடாது. தபாலில் வரவழைக்கவும் பார்க்காதீங்க, பார்சல் சுங்கத்திலேயே நின்னுரும்.